அலமாரிகளுக்கு நடுவே ஃப்ரிட்ஜ்: ஒரு மாடுலர் கிச்சன் நிறுவனத்தின் வேலை

கோயம்புத்தூரில் எங்கள் சமையலறையைப் புதுப்பித்துக் கொடுத்த நிறுவனத்தின் மற்ற வேலைகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. லேமினேட் ஒட்டிய நேர்த்தியும் இழுப்பறைகளின் ஓட்டமும் கொடுத்த விலைக்குத் தக்கபடி இருக்கின்றன. ஃப்ரிட்ஜ் நிற்கும் மூலையைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டும். அங்கேதான் இவர்களுடைய வடிவமைப்பாளரின் அவசரமும் தச்சரின் தேர்ச்சியும் ஒருசேரத் தெரிந்தன.

வடிவமைப்பாளர் கணினியில் காட்டிய படத்தில், எங்கள் இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் இரண்டு உயர அலமாரிகளுக்கு நடுவே, தலைக்கு மேல் பரண் தொட, விரல் நுழையவும் இடமின்றிப் பொருந்தியிருந்தது. பார்க்க அழகுதான்; படத்திலுள்ள ஃப்ரிட்ஜுக்குச் சூடு கிடையாதே! பழைய ஃப்ரிட்ஜ்களின் முதுகில் கறுப்புக் கம்பி வலையாகத் தெரிந்த கண்டென்சர், அதாவது உள்ளிருந்து எடுத்த சூட்டை வெளியே விடும் குழாய், இப்போது வரும் பல மாடல்களில் பக்கத் தகட்டுக்குள் மறைந்திருக்கிறது. பக்கவாட்டில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருப்பது அதனால்தான். அந்தச் சூடு வெளியேற வழியில்லாவிட்டால் கம்ப்ரஸர் ஓய்வின்றி ஓடும். ஐந்து ஸ்டார் லேபிள் ஒட்டியிருந்தாலும் மின்கட்டணம் ஏறத்தான் செய்யும்.

கையேட்டை எடுத்துக் காட்டியதும், தச்சர் வாதாடாமல் பக்கங்களில் 5 செ.மீ., பின்னால் 10 செ.மீ., மேலே 30 செ.மீ. என அளவுகளைத் திருத்தினார். அதைவிட முக்கியமாக, பரணைச் சுவரோடு ஒட்டாமல் பின்புறம் திறப்பு விட்டு அடித்தார். தரையோரமாக நுழையும் காற்று சூடேறி மேலெழுந்து அந்தத் திறப்பின் வழியாகப் போய்விடுகிறது. மேலே மூடிவிட்டுப் பக்கங்களில் மட்டும் இடம் விட்டிருந்தால் பெரிய பயன் இருந்திருக்காது. ஃப்ரிட்ஜே தெரியாமல் அலமாரிக் கதவுக்குள் மறைய வேண்டும் என்பவர்கள் அதற்கென்றே வரும் பில்ட்-இன் வகையை வாங்குவதே சரி. அதற்கும் அடியிலும் மேலேயும் குறைந்தது 200 சதுர செ.மீ. காற்றுவழி வேண்டும் என்று பல தயாரிப்பாளர்கள் கேட்கிறார்கள்.

ஸ்டெபிலைசரை மூடிய அலமாரிக்குள் வைக்கவிருந்ததையும் தச்சரே தடுத்து வெளிச்சுவரில் மாட்டினார். ஸ்விட்ச், ஃப்ரிட்ஜை நகர்த்தாமலே கைக்கு எட்டுகிறது.

குறை கதவில் இருக்கிறது. கீல் பக்கத்து அலமாரி சற்று முன்னே நிற்பதால் கதவு செங்கோணத்தைத் தாண்டித் திறப்பதில்லை. காய்கறித் தட்டைக் கழுவ வெளியே எடுக்கும்போதெல்லாம் அதைச் சாய்த்துத்தான் உருவ வேண்டியிருக்கிறது. வரைபடத்திலேயே பார்த்திருக்க வேண்டிய இதைச் சரிசெய்ய நிறுவனம் தனிக்கட்டணம் கேட்டது நியாயமாகப் படவில்லை. தச்சு வேலைக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கலாம். வடிவமைப்புக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.