டஸ்கனியில் கிராவல் சைக்கிள் பயணம்: பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

இத்தாலியின் டஸ்கனிக்குப் போய்த் திராட்சைத் தோட்டங்களுக்கும் கோதுமை வயல்களுக்கும் நடுவே கிராவல் சைக்கிள் (சரளைச் சாலைக்கென்று அகலமான டயரோடு வரும் சைக்கிள்) ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வழிகாட்டி கூட வரமாட்டார், நீங்களே ஓட்டிக்கொள்ளலாம் என்ற வகையில் ஒரு நிறுவனம் விற்ற பயணத்தை நானும் என் தம்பியும் வாங்கினோம். தங்குமிடம், பெட்டிகளை ஊருக்கு ஊர் கொண்டுபோய் வைப்பது, கிராவல் சைக்கிள், "எங்கள் ஆட்கள் ஒவ்வொரு கிலோமீட்டரும் ஓட்டிப் பார்த்து உருவாக்கிய" ஜிபிஎக்ஸ் வழித்தடம் (ஃபோனிலோ ஜிபிஎஸ் கருவியிலோ போட்டுப் பின்தொடரும் பாதைக் கோப்பு) என்று எல்லாம் சேர்த்து ஒரே விலை. அறைகள் நன்றாக இருந்தன, பெட்டிகளும் நேரத்துக்கு வந்து சேர்ந்தன. வழித்தடத்திலும் சைக்கிளிலும்தான் ஏமாற்றினார்கள். நாங்கள் அவ்வளவு தூரம் போனதே அந்த இரண்டுக்காகத்தான்.

சியேனா நகரத்துக்கு வடக்கே கியாந்தி மலைப்பகுதி, முழுக்கத் திராட்சையும் ஓக் காடும். தென்கிழக்கே போனால் க்ரெத்தே செனேசி என்ற களிமண் குன்றுகள், மரநிழலே குறைவு. அதையும் தாண்டினால் புருனெல்லோ வைனுக்குப் பேர்போன மொந்தால்சினோ. இவற்றை இணைக்கும் வெள்ளைச் சரளைச் சாலைகளுக்குத் தார் போட்டுவிடக் கூடாது என்ற அக்கறையில் பிறந்ததுதான் 1997-இல் கயோலே ஊரில் தொடங்கிய லெரோயிக்கா என்ற பழைய சைக்கிள்களின் ஓட்டம். 2007 முதல் தொழில்முறை வீரர்களின் ஸ்த்ராதே பியாங்கே பந்தயமும் இங்கே நடக்கிறது. ஆக, நல்ல சாலை இல்லாத ஊர் என்று எந்த நிறுவனமும் சாக்குச் சொல்ல முடியாது. கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தாலும் நல்ல சாலை கிடைக்கிற இடம் இது.

அப்படிப்பட்ட இடத்தில் எங்கள் ஜிபிஎக்ஸ் கோப்பு சியேனாவிலிருந்து புவோன்கொன்வெந்தோ போக எங்களைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் எஸ்.ஆர். 2 நெடுஞ்சாலை, அதாவது பழைய வியா காசியா. லாரிகள் முழங்கையை உரசாத குறையாகப் போயின. "அக்கா, இது கிராவல் மாதிரியா தெரியுது?" என்று தம்பி பின்னாலிருந்து கத்தினான். மேற்கே ராதி, முர்லோ பக்கமாக அருமையான வெள்ளைச் சாலைகள் இருக்கின்றன, லெரோயிக்கா பாதையே அப்படித்தான் போகிறது. ஒருமுறை ஓட்டிப் பார்த்தவர்கூட காசியாவைத் தேர்ந்தெடுக்க மாட்டார்.

அப்புறம் அஷ்யானோ பக்கம் நடந்ததுதான் மோசம். முந்தின இரவு மழை. அங்கே மோந்தே சாந்தே மரியே என்று 11.5 கிலோமீட்டர் நீளச் சரளைச் சாலை ஒன்று இருக்கிறது. ஸ்த்ராதே பியாங்கேயை மூன்று முறை வென்ற ஃபாபியன் கான்செல்லாராவின் பெயரை அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். கல் போட்டு இறுக்கிய சாலை என்பதால் மழைக்குப் பிறகும் ஓட்டலாம். எங்கள் கோப்போ அதை விட்டுவிட்டு, உழுத வயலின் ஓரமாக டிராக்டர் போகும் தடத்தில் இறக்கிவிட்டது. நூறு மீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம், சக்கரம் நின்றுவிட்டது. டயருக்கும் அதைத் தாங்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் களிமண் அடைத்துக்கொண்டு, பானை வனையப் பிசைந்த மண் மாதிரி வழுவழுவென்று இருந்தது. டயர் கழற்றும் லீவரால் சுரண்டி எடுத்தால் நாலு சுற்று சுற்றும், மறுபடி நிற்கும். பின்பக்கம் கியர் மாற்றும் டீரெய்லியரில் புல்லும் மண்ணும் சிக்கி, அதைப் பிடித்திருக்கும் ஹேங்கர் வளைந்தது. அதன்பிறகு கியர் சரியாக விழவே இல்லை. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டுதான் தார்ச் சாலைக்கு வந்தோம்.

ஏன் இப்படி என்று அன்று ராத்திரி தம்பி கோப்பைத் திறந்து பார்த்தான். வழித்தடம் வரையும் செயலிகள் பெரும்பாலும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற, தன்னார்வலர்கள் உருவாக்கும் இலவச வரைபடத்தின் தரவை நம்புகின்றன. அதில் வயல் தடங்களுக்கு கிரேடு 1 முதல் கிரேடு 5 வரை தரம் உண்டு. 1 என்றால் கெட்டியான தளம், 5 என்றால் வெறும் மண்ணும் புல்லும். 'தார் இல்லாத பாதை வேண்டும்' என்று மட்டும் சொன்னால், தரம் குறிக்காத தடத்தையும் செயலி கிராவல் என்று எடுத்துக்கொள்ளும். மனிதர் ஓட்டிப் பதிவு செய்த கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் நேரம் பதிவாகியிருக்கும், வளைவுகளில் கோடு கொஞ்சம் நெளியும். எங்களுடையதில் நேரப் பதிவே இல்லை, கோடு வரைபடத்தின் சாலையோடு அச்சாக ஒட்டியிருந்தது. தனியார் பண்ணை வாசல் வரை போய் அப்படியே திரும்பி வரும் சின்ன வால்களும் அங்கங்கே இருந்தன. நேரத்தை நீக்கிவிட்டுக் கோப்பு தருகிறவர்களும் உண்டு, அதனால் அது மட்டும் சான்று ஆகாது. ஆனால் இத்தனையும் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம்: யாரும் ஓட்டவில்லை.

கியாந்தியில் ராதா என்ற ஊருக்குப் பக்கத்தில் அந்த வால்களில் ஒன்று பூட்டிய கேட்டில் போய் முடிந்தது. அறுவடைக் காலம், உள்ளே திராட்சை வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்த பெரியவர் கோபப்படவில்லை. இது தனியார் வழி, இந்தப் பருவத்தில் இப்படி வந்து நிற்கிறவர்கள் நீங்கள் முதல் ஆள் இல்லை என்று சொல்லிச் சரியான சாலையைக் காட்டினார். எனக்கு ஆத்திரம் வந்தது அங்கேதான். நிறுவனத்துக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது, தெரிந்தும் அதே கோப்பை விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

சைக்கிளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் 40 மி.மீ. டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாத) டயர். கையில் தந்தது வழுக்கையான 32 மி.மீ. டயர். ஓட்டையைத் தானாக அடைக்க உள்ளே ஊற்றிய சீலன்ட் திரவம் காய்ந்து ரப்பர் உருண்டையாகக் கிடந்தது, அதனால் சின்ன முள் குத்தினாலும் காற்று இறங்கியது. என் முன்பக்க பிரேக் பேடு கிட்டத்தட்ட உலோகம் வரை தேய்ந்திருந்தது. லே தோல்ஃபே போன்ற இடங்களில் சரிவு 18 சதவீதத்தைத் தொடும். அங்கே இந்தப் பேடோடு ஒருவரை இறக்கிவிடுவது உயிரோடு விளையாடுகிற வேலை. நாங்களே ஒரு கடையில் புதுப் பேடு வாங்கி மாட்டினோம். நிறுவனத்திடம் சொன்னபோது "அதே ரகம்தான்" என்றார்கள். களிமண் விஷயத்துக்கு, "மழைக்கு நாங்கள் பொறுப்பில்லை."

கடைசியில் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தபோது 300 யூரோ டெபாசிட்டில் 180 யூரோவை ஃபிரேமில் கீறல் என்று பிடித்துக்கொண்டார்கள். வாங்கும்போதே தம்பி சைக்கிளைச் சுற்றி வீடியோ எடுத்து வைத்திருந்தான், அதே கீறல் அதில் தெளிவாக இருந்தது. அதைக் காட்டிய பிறகு பணம் வந்தது. வீடியோ இல்லாதவர்களிடம் என்ன செய்திருப்பார்கள் என்று நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

போகிறவர்கள் முன்பணம் கட்டும் முன்பே ஒரு நாளுக்கான வழித்தடக் கோப்பை மாதிரிக்குக் கேளுங்கள். இதை ஓட்டியவர் யார், எந்த மாதம், மழை பெய்தால் மாற்று வழி எது என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். டயரின் அகலமும் பின் கியரின் பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015/2302 நெறிமுறை 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. தங்குமிடத்தையும் சைக்கிள் போன்ற முக்கியமான சேவையையும் சேர்த்து ஒரே விலைக்கு விற்றால் அது பெரும்பாலும் 'பேக்கேஜ்' கணக்கில் வரும். சொன்னபடி தராவிட்டால் விலையைக் குறைத்துக் கேட்க உரிமை உண்டு. ஆனால் குறையை அங்கேயே, தாமதிக்காமல் தெரிவிக்க வேண்டும். ஃபோனில் பேசினாலும் பின்னாலேயே ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று. லெரோயிக்காவின் நிரந்தரப் பாதை, 209 கிலோமீட்டர், பழுப்பு நிற வழிகாட்டிப் பலகைகளோடு வருடம் முழுவதும் இலவசமாகத் திறந்திருக்கிறது. கயோலேயிலிருந்து ப்ரோலியோ கோட்டைக்கு சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே ஏறும் சாலை அதில்தான் வருகிறது. கோப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு மீதி நாட்களில் அந்தப் பலகைகளைப் பார்த்துத்தான் ஓட்டினோம், ஓரிடத்தில்கூட மாட்டிக்கொள்ளவில்லை.

எங்கள் புகாருக்கு அடுத்த வருடத்துக்கான தள்ளுபடிக் கூப்பன் அனுப்பினார்கள். வேண்டாம் என்று எழுதிவிட்டோம். வழித்தடத்துக்கும் சைக்கிளுக்கும் உரிய தொகையைத் திருப்பித் தரச் சொல்லி, கோப்பு, படங்கள், மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் இணைத்துக் கார்டு வங்கியில் புகார் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.