நூறும் நூறும் இருநூறு ஆகவில்லை: மோட்டார்ஹோமில் இரண்டாவது லித்தியம் பேட்டரி, இரண்டு ஆண்டு அனுபவம்

கடந்த வாரம் சிட்னியில் இருக்கும் நண்பர் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டார். அவர் வாங்கியிருக்கும் பழைய மோட்டார்ஹோமில் 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. இப்போது விலை நன்றாக இறங்கியிருப்பதால், அதே அளவில் இன்னொன்றை வாங்கி அதன் பக்கத்தில் இணைத்துவிடலாமா என்று கேட்டார். 2023-இல் நான் செய்தது அச்சு அசலாக இதுவேதான். அந்தப் பேட்டரிகளைப் பற்றி யார் கேட்டாலும் மனம் நிறையப் புகழ்பவன் நான். ஆனாலும் அவருக்கு உடனே "சரி" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதலில் புகழ வேண்டியதைப் புகழ்ந்துவிடுகிறேன். மெல்போர்னிலிருந்து வார இறுதிகளில் மின் இணைப்பு இல்லாத இடங்களுக்குத்தான் நாங்கள் பெரும்பாலும் போவோம். 2021 வரை வண்டியில் இருந்தவை ஏ.ஜி.எம். எனும் ஈய-அமில வகைப் பேட்டரிகள் இரண்டு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 30 கிலோ எடை. அவற்றைக் கழற்றிவிட்டு 12 கிலோகூட இல்லாத ஒரே லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியைப் பொருத்தினேன். சாதாரண கார் உரிமத்தோடு ஓட்டக்கூடிய 4,495 கிலோ வரம்புக்குள் வண்டியை வைத்திருப்பவர்களுக்கு 48 கிலோ குறைவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது தண்ணீர்த் தொட்டியை நிரப்பும்போது புரியும்.

எடையைவிட என்னை மகிழ்வித்தது மின்னழுத்தம். பின்னிரவு 4 மணிக்கு டீசல் ஹீட்டர் மீண்டும் பற்றவைக்கும்போது அதன் க்ளோ பிளக் (டீசலைப் பற்றவைக்கச் சூடேறும் பகுதி) சில நிமிடங்களுக்கு 8 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கும். பழைய பேட்டரிகளில் அந்த நேரத்தில் மின்னழுத்தம் சரிந்து, ஹீட்டர் பிழைக் குறியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். கம்பளிக்குள் சுருண்டுகொண்டு விடியலுக்குக் காத்திருப்போம். லித்தியம் வந்த பிறகு ஒரு குளிர்காலத்தில்கூட அப்படி நடக்கவில்லை. இரவு முழுவதும் 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கிறது. காலையில் என் மனைவி சட்டினிக்கு மிக்ஸியைப் போட்டால், வீட்டில் கேட்கும் அதே சுருதியில் அது சுற்றுகிறது. முன்பெல்லாம் இன்வெர்ட்டர் எச்சரிக்கை ஒலி எழுப்ப, தேங்காய் பாதி அரைபட்ட நிலையில் நின்றுபோகும்.

அப்படியானால் இரண்டாவது பேட்டரி எதற்கு? குளிர்காலக் கணக்குதான் காரணம். நாங்கள் அடிக்கடி போகும் இடம், மர்ரே ஆற்றங்கரையில் ரிவர் ரெட் கம் எனும் யூகலிப்டஸ் மரங்கள் நிறைந்த பார்மா தேசியப் பூங்கா. ஜூன் மாத நடுப்பகலில் அங்கே சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 30 பாகை உயரத்துக்குத்தான் ஏறுகிறது. கூரையில் படுக்கையாகக் கிடக்கும் 300 வாட் பேனல்களுக்கு அந்தச் சாய்ந்த வெயிலில் பாதிதான் சேர்கிறது. பகலும் குறுகியது, அந்த மரங்கள் இலையுதிர்ப்பவையும் அல்ல. நாள் முழுவதும் 35 ஆம்பியர்-மணி வந்தாலே நல்ல நாள். குளிர்பெட்டி, ஹீட்டர், விளக்குகள், சமையல் எல்லாம் சேர்ந்து செலவாவது 75. நாளொன்றுக்கு 40 துண்டு விழுந்தால், ஒரே பேட்டரியில் இரண்டு இரவுகள் தாக்குப்பிடிக்கலாம். இரண்டு இருந்தால் நான்கு இரவுகள். இந்தக் கணக்கு சரியானது, இன்றும் அதில் மாற்றமில்லை. ஏரியை ஆழப்படுத்திவிட்டு வரத்துக்காலை அப்படியே விட்டால் ஏரி நிரம்ப அதிக நாள் ஆகும் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் என் பிரச்சினை அங்கே முளைக்கவில்லை.

அதே நிறுவனத்தின் அதே 100 ஆம்பியர்-மணி மாதிரியை வாங்கி, புறநகர்ப் பட்டறை ஒன்றில் பொருத்தச் சொன்னேன். 2022-இல் வெளிவந்த ஏ.எஸ்./என்.இசட்.எஸ். 3001.2 எனும் ஆஸ்திரேலிய-நியூசிலாந்து தரநிலை, லித்தியம் பேட்டரிகளை வசிக்கும் பகுதியிலிருந்து தடுப்பால் பிரித்து, வெளிப்புறத்துக்குக் காற்றுப் போக்கு வைக்க வேண்டும் என்கிறது. ஆகவே இருக்கைக்கு அடியில் இருந்த பழையதையும் எடுத்து, வெளியிலிருந்து திறக்கும் பெட்டியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். பெட்டி வேலை நேர்த்தியாக இருந்தது. கம்பிகளைச் சரமாகக் கட்டி, நிறம் பிரித்து, பார்ப்பதற்கு அழகாக முடித்துக் கொடுத்தார்கள். அந்த அழகை நம்பி நானும் திறந்து பார்க்காமல் இருந்துவிட்டேன்.

எரிச்சல் தொடங்கியது கைப்பேசிச் செயலியில். இரண்டு பேட்டரிகளுக்குள்ளும் இருக்கும் பி.எம்.எஸ். எனும் பாதுகாப்புச் சுற்று, ஒவ்வொன்றின் நிலையையும் ப்ளூடூத் வழியாகத் தனித்தனியே காட்டும். முதல் பயணத்தின் இரண்டாம் நாளிலேயே பழையது 58 சதவீதம், புதியது 81 என்று காட்டியது. பக்க இணைப்பில் சேர்ந்திருக்கும் இரண்டு பேட்டரிகள், ஒரே குடத்துத் தண்ணீர் போலச் சமமாகத்தானே இறங்க வேண்டும்? பட்டறையில் கேட்டேன்; லித்தியம் என்றால் அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சேர்ந்துவிடும் என்றார்கள். ஓராண்டுக்கு மேல் போயும் சேரவில்லை. ஒவ்வொரு காலையும் காப்பி போடுவதற்கு முன்னால் அந்த இரண்டு எண்களைப் பார்ப்பதே எனக்கு வழக்கமாகிவிட்டது. என்றைக்குமே உழைப்பது பழையது, உட்கார்ந்து பார்ப்பது புதியது.

2024 ஜூனில் பார்மாவில் மூன்றாம் நாள் இரவு. இண்டக்‌ஷன் அடுப்பை 1,300 வாட்டில் வைத்து ரசம் கொதிக்கத் தொடங்கிய நேரத்தில் வண்டி முழுவதும் இருண்டது. விளக்கு, அடுப்பு, ஹீட்டர், குளிர்பெட்டி எல்லாம் ஒரே கணத்தில் நின்றன. அதற்கு ஒரு நிமிடம் முன்புதான் மின்கலத் தொகுப்பின் மொத்த அளவைக் காட்டும் மீட்டரைப் பார்த்திருந்தேன். 38 சதவீதம் என்றது. கைவிளக்கை ஏந்திக்கொண்டு வெளியே வந்து செயலியைத் திறந்தேன். பழையதில் 11, புதியதில் 65. இரண்டின் சராசரி சரியாக 38. மீட்டர் பொய் சொல்லவில்லை. அது சொன்ன உண்மையால் எனக்கு ஒரு பயனும் இல்லை.

நடந்தது இதுதான். அடுப்பு இழுத்த 120 ஆம்பியரில் பெரும்பங்கைப் பழைய பேட்டரியே சுமந்திருக்கிறது. அதன் நான்கு செல்களில் சற்றுப் பின்தங்கிய ஒன்று, அந்தச் சுமையில் 2.5 வோல்ட்டுக்குக் கீழே சரிந்ததும் அதன் பி.எம்.எஸ். கதவைச் சாத்திவிட்டது. உடனே 120 ஆம்பியரும் புதியதன் தலையில் விழுந்தது. அதன் தொடர் வரம்போ 100 ஆம்பியர்தான். சில வினாடிகள் தாங்கிவிட்டு, வயிற்றில் 65 சதவீதத்தை வைத்துக்கொண்டு அதுவும் நின்றுவிட்டது. இரண்டும் ஆளுக்குப் பாதி சுமந்திருந்தால் 60, 60. இரண்டில் எதற்கும் அது ஒரு சுமையே இல்லை.

இந்த இடத்தில் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்வெர்ட்டரை அணைத்த அரை நிமிடத்தில் புதிய பேட்டரி தானாகவே திரும்பி வந்தது. குளிர்பெட்டி ஓடியது, ஹீட்டர் எரிந்தது, பிள்ளைகள் குளிரில்லாமல் தூங்கினார்கள். பழையது மறுநாள் பேனலில் வெயில் பட்ட பிறகே எழுந்தது. ஒரே பெரிய பேட்டரியாக இருந்து அது நின்றிருந்தால் அந்த இரவு வேறு மாதிரி போயிருக்கும். இரண்டு இருப்பதில் அந்தப் பாதுகாப்பு உண்டு. அதை நான் மறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேர்மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்றை வாங்கினேன். முதல் நாளே வாங்கியிருக்க வேண்டிய கருவி அது. இரண்டு பேட்டரிகளையும் முழுதாக ஏற்றிவிட்டு, அடுப்பை மீண்டும் 1,300 வாட்டில் வைத்து, ஒவ்வொரு பேட்டரியின் கம்பியையும் தனித்தனியே கவ்விப் பார்த்தேன். பழையதிலிருந்து 86 ஆம்பியர், புதியதிலிருந்து 34. அந்தச் சுமை ஓடிக்கொண்டிருக்கும்போதே சாதாரண மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒவ்வொரு மூட்டின் இரு பக்கத்தையும் தொட்டுக்கொண்டே போனேன். இணைப்புக் கம்பிகளும் மற்ற மூட்டுகளும் சேர்ந்து இழந்தது 0.15 வோல்ட். புதிய பேட்டரியின் நேர்முனையில் இருந்த ஒரே ஒரு மூட்டு மட்டும் 0.37 வோல்ட்டை விழுங்கியது. 34 ஆம்பியரால் பெருக்கினால் அந்த ஒரு திருகின் அடியில் பன்னிரண்டரை வாட் வெப்பம். அதன் மேலிருந்த சிவப்பு ரப்பர் மூடியைத் தொட்டேன், சுட்டது.

சுமையை நிறுத்தி, 13 மில்லிமீட்டர் ஸ்பேனரால் கழற்றினேன். பேட்டரி முனையின் மீது நேரடியாக அமர வேண்டிய செம்பு லக்குக்கும் (கம்பி நுனியில் பொருத்தும் வளையம்) முனைக்கும் நடுவே ஒரு துருப்பிடிக்காத எஃகு வாஷர் கிடந்தது. வாஷரின் இடம் லக்குக்கு மேலே, திருகின் தலைக்கு அடியில். அது கீழே போய்விட்டால் செம்பும் முனையும் முழுப்பரப்பில் தொடுவதில்லை. கடினமான எஃகின் சில புள்ளிகள் வழியாக மொத்த மின்னோட்டமும் நெருக்கியடித்துக்கொண்டு போக வேண்டும். வாஷரின் ஒரு பக்கம் வைக்கோல் நிறத்திலிருந்து நீலத்துக்கு மாறியிருந்தது. லக்கின் அடிப்பக்கம் கறுத்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு வந்த கோபம் சாதாரணமானதல்ல. ஓராண்டுக்கு மேலாக என் பிள்ளைகள் தூங்கும் இடத்துக்கு ஒரு பலகை தள்ளி அந்த மூட்டு காய்ந்துகொண்டிருந்தது.

அதோடு முடியவில்லை. இரண்டையும் சேர்த்த கம்பி வெறும் 8 சதுர மில்லிமீட்டர். இன்வெர்ட்டருக்குப் போகும் நேர், எதிர்க் கம்பிகள் இரண்டையும் பழைய பேட்டரியிலிருந்தே எடுத்திருந்தார்கள். அப்படி எடுத்தால் புதியதன் மின்னோட்டம் மட்டும் இரண்டு இணைப்புக் கம்பிகளையும் கூடுதலாகக் கடந்து வர வேண்டும். நேர்க்கம்பியை ஒன்றிலிருந்தும் எதிர்க்கம்பியை மற்றொன்றிலிருந்தும் மூலைக்கு மூலை எடுப்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. இந்த வகைப் பேட்டரிகளின் உள்மின்தடை சில மில்லி ஓம்களிலேயே இருப்பதால், வெளியே நாம் சேர்க்கும் நாலைந்து மில்லி ஓம்கூடப் பங்கீட்டைக் குலைத்துவிடும். காருக்கு விளக்கு மாட்டும் கவனம் இதற்குப் போதாது.

வார இறுதி ஒன்றை முழுதாகச் செலவிட்டு நானே மாற்றினேன். (12 வோல்ட் பக்கம் மட்டுமே, 240 வோல்ட் வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்ய வேண்டும், அதில் கை வைக்கவில்லை.) எல்லாக் கம்பிகளும் வந்து சேரும் இரண்டு பித்தளைப் பட்டைகள் (பஸ்பார்), ஒவ்வொரு பேட்டரிக்கும் தனி ஃப்யூஸ், எல்லாம் ஒரே நீளத்தில் வெட்டிய 35 சதுர மில்லிமீட்டர் கம்பிகள். இணைப்பதற்கு முன் இரண்டையும் தனித்தனியாக 14.4 வோல்ட் வரை ஏற்றி, பின்தங்கிய செல் மற்றவற்றோடு சேரும்வரை விட்டு வைத்தேன். மறுபடி அடுப்பைப் போட்டுக் கவ்விப் பார்த்தபோது 63-க்கு 57. அந்த எண்களைப் பார்த்த நிமிடத்தின் நிம்மதியை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு போன எந்தப் பயணத்திலும் வண்டி இருண்டதில்லை. நான்கு இரவுகள் கணக்கும் இப்போதுதான் நிஜமாகியிருக்கிறது.

ஆனால் செயலியில் அந்த இரண்டு எண்களும் இன்றுவரை ஒன்றாகவில்லை. அதற்கான காரணத்தையும் படித்துத் தெரிந்துகொண்டேன். இந்த வேதியியலில் நிரம்பிய நிலைக்கும் காலி நிலைக்கும் இடைப்பட்ட நெடுந்தூரம் முழுவதும் மின்னழுத்தம் ஏறக்குறைய சமதரையாகக் கிடக்கிறது. ஒன்று 70-இலும் மற்றது 60-இலும் இருந்தாலும் இரண்டின் மின்னழுத்தமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே நிறைந்ததிலிருந்து குறைந்ததற்குப் பாய எந்த உந்துதலும் இல்லை. இரு நுனிகளில் மட்டுமே சரிவு செங்குத்தாகி அவை தம்மைச் சரிசெய்துகொள்கின்றன. அதுவும் இரண்டு வயது மூத்த பேட்டரியும் இளையதும் ஒரே நுகத்தில் பூட்டப்பட்டிருக்கும்போது, சின்ன வித்தியாசம் இருந்தே தீரும். காரணம் தெரிந்ததால் எரிச்சல் குறையவில்லை. கண்ணில் படும் வித்தியாசம் வயதால் வந்ததா, இன்னொரு மூட்டு தளர்ந்ததால் வந்ததா என்பதைச் செயலி சொல்லாது. ஒவ்வொரு முறையும் பெட்டியைத் திறந்து தொட்டுப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது.

ஆகவே நண்பருக்கு நான் சொன்ன பதில்: சேர்க்காதீர்கள். இருக்கும் 100-ஐ விற்றுவிட்டு, 200 ஆம்பியர் தாங்கும் பி.எம்.எஸ். உள்ள ஒரே 300 ஆம்பியர்-மணி பேட்டரியாக வாங்குங்கள். மூட்டுகள் குறையும், பங்கீடு என்ற பேச்சே இருக்காது. "உங்களுடையது நன்றாகத்தானே ஓடுகிறது, இரண்டில் ஒன்று நின்றாலும் இன்னொன்று காப்பாற்றியது என்றும் நீங்களே சொல்கிறீர்களே" என்று அவர் திருப்பிக் கேட்டார். நன்றாகத்தான் ஓடுகிறது, காப்பாற்றியதும் உண்மை. இருந்தும் என் பதில் அதுதான். அந்த நீலம் பாய்ந்த வாஷர் இன்னமும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு வேறு பதில் சொல்ல என்னால் முடியாது.

இன்று காலை வண்டி வீட்டு வாசலில், எந்தச் சுமையும் இல்லாமல் நிற்கிறது. பழையது 81, புதியது 86. சனிக்கிழமை பார்மாவுக்குக் கிளம்புகிறோம். அதற்கு முன் ஒரு முறை எல்லா மூட்டுகளையும் மில்லிவோல்ட்டில் அளந்துவிட வேண்டும்.