புது எர்டிகாவா, ஓடிய கிரிஸ்டாவா: கடைசி சீட்டிலிருந்து ஒரு அலசல்

எங்கள் வீட்டில் ஏழு பேர். அப்பா, அம்மா, அத்தை, நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். பழைய ஐந்து சீட் காரில் மடியில் உட்கார்ந்து போகும் வயதைப் பிள்ளைகள் தாண்டிவிட்டார்கள். கையில் 14 லட்சம். ராசிபுரம், நாமக்கல், சேலம் வட்டாரத்தில் இந்தப் பணத்துக்கு நேருக்கு நேர் மோதுகிற வண்டிகள் இரண்டு: ஷோரூமிலிருந்து புது மாருதி எர்டிகா, அல்லது 2017, 2018 மாடல் டொயோட்டா இன்னோவா கிரிஸ்டா. ஆறு மாதம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம்.

நடுவில் நிற்கும் மற்ற வண்டிகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ரெனோ ட்ரைபர் 4 மீட்டருக்குள் அடங்கும், அதனால் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான், விலையும் இறக்கம். ஆனால் 1 லிட்டர் இன்ஜின், 72 குதிரைத்திறன். ஏழு பேர் உட்கார்ந்தால் பின்னால் மிஞ்சும் இடம் 84 லிட்டர், இரண்டு பள்ளிப் பைக்குச் சரியாக இருக்கும். கியா கேரன்ஸ் 2022 பிப்ரவரியில் வந்தது. முதல் நாளிலிருந்தே எல்லா வகையிலும் ஆறு ஏர்பேக், டீசலும் உண்டு. மூன்று நான்கு வருடம் ஓடியவை இப்போது விற்பனைக்கு வருகின்றன. எர்டிகாவுக்கும் கிரிஸ்டாவுக்கும் நடுவே ஒன்று வேண்டும் என்பவர்கள் அதைத்தான் பார்க்க வேண்டும். மஹிந்திரா மராஸோ நல்ல வண்டி, மலிவாகவும் கிடைக்கும். ஆனால் தயாரிப்பே நின்றுவிட்டதால், உதிரிபாகம் பற்றி உங்கள் மெக்கானிக்கிடம் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். செவர்லே என்ஜாய் எவ்வளவு குறைவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அந்தக் கம்பெனி 2017-லேயே இங்கே விற்பனையை நிறுத்திவிட்டது.

சரி, அசல் போட்டிக்கு வருவோம்.

டெஸ்ட் டிரைவுக்கு ஓட்டப்போகிறவர் மட்டும் போவது நம் ஊர் வழக்கம். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். எர்டிகாவின் ஸ்டியரிங் லேசாக இருந்தது, பார்க்கிங் சுலபம், பெட்ரோல் இன்ஜின் சத்தமே இல்லை. வாங்கிவிடலாம் என்று முடிவோடு வீட்டுக்கு வந்தேன். இரண்டாம் முறை எல்லோரையும் கூட்டிப் போனபோதுதான் வேறு வண்டி தெரிந்தது. பிள்ளைகள் கடைசி வரிசையில் தாவி உட்கார்ந்தார்கள், ஒரு குறையும் இல்லை. அடுத்து என் மனைவி போய் உட்கார்ந்தாள். முழங்கால் இருக்கைக்கு மேலே தூக்கி நின்றது. தொடைக்கு அடியில் ஒரு கை நுழைகிற இடைவெளி. “சேலம் வரைக்கும் சரி, மதுரைக்கு ஆகாது” என்றாள். அத்தை முயற்சியே செய்யவில்லை.

அதே வாரம் தெரிந்தவர் ஒருவரின் கிரிஸ்டாவில் ஏறிப் பார்த்தோம். நடு இருக்கை மடிந்து முன்னால் கவிழ்ந்ததும் வழி கிடைத்தது. கடைசி வரிசையில் பெரியவர்கள் இரண்டு பேர் காலை நீட்டாவிட்டாலும் மடக்கித் திணறாமல் உட்காரலாம். தலைக்கு மேலேயே ஏசி காற்று வருகிறது. ஆனால் இங்கே வேறு சிக்கல். வண்டியின் தளம் உயரம். மூட்டு வலிக்காரி அம்மா, கதவுக்கு மேல் உள்ள பிடியைப் பிடித்து, ஒரு காலை வைத்து, மறு காலைத் தூக்க முடியாமல் அப்படியே நின்றுவிட்டார். எர்டிகாவின் நடு இருக்கையில் அவரே கதவைத் திறந்து, நாற்காலியில் உட்காருவதுபோல் உட்கார்ந்தவர். கிரிஸ்டா வாங்குகிறவர்கள் பக்கவாட்டில் ஃபுட்போர்டு போடுவது அழகுக்கு என்று நினைத்திருந்தேன். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அது இல்லாமல் முடியாது.

ஆக, நடு வரிசையில் எர்டிகா வென்றது, கடைசி வரிசையில் கிரிஸ்டா வென்றது. அப்படியானால் கடைசி வரிசையில் யார், வருடத்துக்கு எத்தனை நாள் உட்காரப் போகிறார்கள்? போன வருடக் காலண்டரை எடுத்து எண்ணினோம். ஏழு பேரும் சேர்ந்து போன பயணம் பதினான்கு. அதில் நான்கு, கொல்லிமலையில் இருக்கும் குலதெய்வக் கோயிலுக்கு. இந்த எண்ணிக்கை கைக்கு வந்த பிறகு எங்கள் பேச்சே மாறிவிட்டது. உங்கள் வீட்டிலும் முதலில் இதை எண்ணுங்கள். மைலேஜ், விலை எல்லாம் அப்புறம்.

கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. அங்கே வண்டியின் எடையும் இழுவையும் பேசும். எர்டிகா ஏறக்குறைய 1,200 கிலோ. ஏழு பேர், பொங்கல் பானை, அரிசி மூட்டை, துணிப்பை எல்லாம் சேர்ந்தால் இன்னும் 450 கிலோ. வண்டி தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகச் சுமக்கிறது. 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜினின் இழுவிசை 137 நியூட்டன் மீட்டர், அதுவும் இன்ஜின் வேகம் ஏறிய பிறகே முழுதாகக் கிடைக்கும். ஏறாது என்று சொல்லவில்லை, தினமும் எர்டிகாக்கள் அந்த மலை ஏறுகின்றன. ஆனால் வளைவுக்கு வளைவு முதல் கியர், இரண்டாம் கியர் என்று மாற்றிக்கொண்டு, ஏசியை அணைத்து அணைத்துப் போட வேண்டும். கிரிஸ்டா 1,800 கிலோ வண்டி. அதே 450 கிலோ அதற்குக் கால்பங்குதான். 2.4 லிட்டர் டீசல், மேனுவலில் 343 நியூட்டன் மீட்டர், இன்ஜின் நிமிடத்துக்கு 1,400 சுற்று சுற்றும்போதே கிடைத்துவிடும். இரண்டாம் கியரில் விட்டால் அது பாட்டுக்கு ஏறும். தனி ஆளாக ஊருக்குள் ஓட்டும்போது பின்பக்கம் குதிக்கும் என்பது உண்மை. ஆள் ஏற ஏறத்தான் அந்த வண்டி அமைதியாகிறது.

சாமான் வைக்கும் இடத்தையும் பார்த்துவிடுங்கள். எர்டிகாவில் கடைசி வரிசையை விரித்துவைத்தால் பின்னால் 209 லிட்டர். எரிவாயுவில் ஓடும் சிஎன்ஜி வகை எடுத்தால் அந்த இடத்திலும் சிலிண்டர் உட்கார்ந்துவிடும். ஏழு பேருக்குச் சிஎன்ஜி எர்டிகா என்பது கூரைமேல் கேரியர் போட்டுத்தான் நடக்கும்.

இனி பணம். 2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்கு மேற்பட்ட இந்த மாதிரி வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், செஸ் என்ற கூடுதல் வரி போய்விட்டது. முன்பு எர்டிகாவுக்கு எல்லாம் சேர்த்து 45 சதவீதம் இருந்தது, ஆகவே விலை கொஞ்சம் இறங்கியது. ஆனால் நம் மாநில ஆயுள் வரி 2023 நவம்பரிலிருந்து கூடிவிட்டது: 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம். பலர் கவனிக்காத இடம் இது. எக்ஸ்-ஷோரூம் விலை 9 லட்சத்து 90 ஆயிரம் என்றால் வரி சுமார் 1 லட்சத்து 29 ஆயிரம். 10 லட்சத்து 10 ஆயிரம் என்றால் சுமார் 1 லட்சத்து 82 ஆயிரம். இருபதாயிரம் ரூபாய் வித்தியாசத்துக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேல் கூடுதல் வரி. எர்டிகா எடுப்பவர்கள் 10 லட்சத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும் வகையை முதலில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு மேலே உள்ள, 11 லட்சம் வகைக்கு வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்து ஆன்-ரோடு பதின்மூன்றரை லட்சத்தைத் தொட்டது. எங்கள் பக்கம் நல்ல 2018 கிரிஸ்டாவுக்குச் சொன்ன விலையும் ஏறக்குறைய அதே.

எரிபொருள் விஷயத்தில் நான் தப்புக் கணக்கு வைத்திருந்தேன். ஏழு பேரோடு எர்டிகா லிட்டருக்கு 15, கிரிஸ்டா 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடம் 10,000 கிலோமீட்டர். பெட்ரோல் 101 ரூபாய், டீசல் சுமார் 92 என்ற விலையில் எர்டிகாவுக்கு 67 ஆயிரம், கிரிஸ்டாவுக்கு 77 ஆயிரம். வருடத்துக்குப் பத்தாயிரம்தான் வித்தியாசம். உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது. ஏழெட்டு வருட வண்டிக்கு டயர், பேட்டரி, கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ் என்று முதல் வருடத்தில் ஒரு லட்சம் தனியாக எடுத்து வைக்க வேண்டும். அந்த ஒரு லட்சம் இல்லாமல் கிரிஸ்டா பக்கம் போகாதீர்கள். கடனில் வாங்கினால் பழைய வண்டிக்கு வட்டியும் கூடுதல். பதிவு 15 வருடம்தான், 2018 வண்டிக்கு 2033-ல் எஃப்சி என்ற தகுதிச் சான்று எடுத்து ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும்.

பாதுகாப்பு பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆப்பிரிக்கச் சந்தைக்குப் போகும் எர்டிகாவை 2024-ல் குளோபல் என்கேப் என்ற பாதுகாப்புச் சோதனை அமைப்பு மோதிப் பார்த்தபோது பெரியவர்களுக்கு ஒரே ஒரு நட்சத்திரம் கிடைத்தது. அது இரண்டு ஏர்பேக் வண்டி. இங்கே 2025-லிருந்து எல்லா எர்டிகாவிலும் ஆறு ஏர்பேக், அது பெரிய முன்னேற்றம். கிரிஸ்டாவில் ஜிஎக்ஸ், விஎக்ஸ் வகைகளுக்கு மூன்று ஏர்பேக், இசட்எக்ஸ் வகைக்கு மட்டும் ஏழு. ஏர்பேக் எண்ணிக்கையில் புதியதுதான் முன்னே நிற்கிறது.

கிரிஸ்டா வாங்குவதில் கடினமான வேலை, சரியான வண்டியைக் கண்டுபிடிப்பது. இன்னோவா என்றாலே டிராவல்ஸ் வண்டி. டி போர்டில், அதாவது வாடகை வண்டியாக, மஞ்சள் பிளேட்டோடு ஓடி, பிறகு சொந்த உபயோகத்துக்கான ஓன் போர்டாக மாற்றி, மீட்டரைக் குறைத்து விற்பது நிறைய நடக்கிறது. ஒரு யார்டில் எங்களுக்குக் காட்டிய வண்டியில் மீட்டர் 84,000. வெளியே பளபளப்பு. நான் பிரேக் பெடலைப் பார்த்தேன், ரப்பரில் கோடுகளே இல்லை, வழவழவென்று தேய்ந்திருந்தது. ஓட்டுநர் இருக்கையின் கதவுப்பக்கத் திண்டு உள்ளே அமுங்கிப் புது உறை போட்டிருந்தார்கள். கூடவந்த மெக்கானிக் டேஷ்போர்டுக்குக் கீழே டார்ச் அடித்து, வெட்டி டேப் சுற்றிய ஒயரைக் காட்டினார். டாக்சிகளுக்குப் பொருத்தும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருந்த இடமாம். சேசிஸ் எண்ணை வைத்து சர்வீஸ் பதிவைக் கேட்டோம். 2021-லேயே 2 லட்சத்து 10 ஆயிரம் ஓடியிருந்தது. அத்தையும் பிள்ளைகளும் அதில்தான் மலை ஏறியிருப்பார்கள் என்று நினைத்தபோது அன்று இரவு தூக்கம் வரவில்லை.

ஆகவே ஓடிய வண்டி பார்ப்பவர்கள் இவற்றை விடாதீர்கள். டயரின் பக்கச்சுவரில் நான்கு எண்கள் இருக்கும்: 3219 என்றால் 2019-ன் 32-வது வாரம் செய்தது. முப்பதாயிரம் ஓடியதாகச் சொல்லும் வண்டியில் மூன்றாவது ஜோடி டயர் இருக்க முடியாது. எல்லாக் கண்ணாடியிலும் தயாரிப்பு வருடக் குறி ஒன்றாக இருக்கிறதா பாருங்கள், ஒன்று மட்டும் மாறியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையில் மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைத்து உள்மாவட்டங்களுக்கு வந்திருக்கின்றன. பெல்ட்டின் உள்முனையில் சேற்றுக் கோடும், இருக்கைத் தண்டவாளப் போல்ட்டில் துருவும் எந்த ஷாம்புவுக்கும் போகாது. டிஎல் பதிவெண் வண்டிகள் மலிவாக வருவதற்கு, டெல்லியில் டீசல் வண்டிகளுக்குப் பத்து வருடக் கட்டுப்பாடு வந்ததே காரணம். வண்டி நன்றாகவே இருக்கலாம், ஆனால் இங்கே மறுபதிவும் வரியும் கட்டியபின் அந்த மலிவு கரைந்துவிடும்.

பணத்தை முழுதாகக் கொடுக்கும் முன் ஆர்சியில் ஹெச்பி என்ற கடன் குறிப்பு ரத்தாகியிருக்க வேண்டும், பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்து வேண்டும், இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். விற்பவர் இன்சூரன்ஸில் கிளைம் கேட்காமல் சேர்த்த தள்ளுபடி, அதாவது நோ கிளைம் போனஸ், அவரோடு போய்விடும், வண்டியோடு வராது.

பழைய கிரிஸ்டாவில் பலர் 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய, பிஎஸ்-6 என்ற புதிய புகை விதிப்படி செய்த வண்டியைத் தேடுகிறார்கள். நான் முந்தையதையே விரும்பினேன். பிஎஸ்-6 டீசலில் கரிப்புகையைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. பள்ளிக்கூடம், கடைத்தெரு என்று இரண்டு இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடினால் அது அடைத்துக்கொள்ளும். நெடுஞ்சாலை ஓட்டம் இல்லாத வீட்டுக்கு டீசலே வேண்டாம்.

என் மச்சான் ஆவடியில் இருக்கிறான். அவன் வீட்டில் ஐந்து பேர், கடைசி வரிசை தேவைப்படுவது வருடத்தில் நான்கைந்து நாள், அதிலும் உட்காருவது குழந்தைகள். மெக்கானிக்கோடு அலைய நேரம் இல்லை. எர்டிகாவை எடு என்று நானே சொன்னேன், எடுத்தான். அவன் மாமியார் யார் உதவியும் இல்லாமல் ஏறி இறங்குகிறார். அவன் வீட்டுக்கு அதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை.

நாங்கள் கிரிஸ்டா எடுத்தோம். 2018 ஜிஎக்ஸ், ஒரே ஓனர், ஈரோட்டில் ஒரு மருத்துவர் வைத்திருந்தது, 92,000 கிலோமீட்டர், ஒவ்வொரு சர்வீஸ் பில்லும் கோப்பில் இருந்தது. பார்த்த ஏழாவது வண்டி அது. வாங்கிய மறுநாளே ஃபுட்போர்டு போட்டோம், அதற்கு மேல் ஒரு பிடியும் வைத்தோம். போன ஆடியில் கொல்லிமலைக்குப் போனபோது அம்மா இடது காலைப் படியில் வைத்து, பிடியைப் பற்றி, தானே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். அத்தை கடைசி வரிசையில், பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு.