கபுக்கிச்சோவில் "அந்தக் கடை ஃபுல்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்

டோக்கியோ போகிற நம் ஆட்கள் பலர் ஷின்ஜுகு பக்கம்தான் அறை எடுக்கிறார்கள். அங்கே தங்கிவிட்டு, பக்கத்தில் இருக்கும் கபுக்கிச்சோ என்கிற கேளிக்கைப் பகுதியை ஒரு ராத்திரியாவது சுற்றிப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. போன அக்டோபரில் நானும் என் மச்சானும் போனோம். இரண்டு மணி நேரத்தில் 26,611 யென் கொடுத்துவிட்டு, வயிறும் நிறையாமல் வெளியே வந்தோம். நம் பணத்தில் சுமார் 15,000 ரூபாய். யாரும் எங்களை மிரட்டவில்லை, கை வைக்கவில்லை. எல்லாம் சிரித்த முகத்தோடு நடந்தது. அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

ஸ்டேஷனின் கிழக்கு வாசலில் வெளியே வந்து யசுக்குனி சாலையைக் கடந்தால் சிவப்பாக ஒளிரும் அந்த வளைவு. உள்ளே போனால் மாடிக்கு மேலே எட்டிப் பார்க்கும் காட்ஜில்லா தலை, அதைத் தாண்டி 2023இல் திறந்த 225 மீட்டர் கோபுரம். கூட்டம், இரைச்சல், விளக்கு. தெருவில் நடப்பதற்குப் பயமே இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கே கபுக்கி என்கிற ஜப்பானிய மரபு நாடகத்துக்கு ஓர் அரங்கம் கட்டப் போகிறோம் என்று சொல்லித்தான் இந்தப் பெயரை வைத்தார்களாம். அரங்கம் வரவே இல்லை, பெயர் மட்டும் நின்றுவிட்டது. இதை எனக்கு முன்பே தெரிந்திருந்தால் கொஞ்சம் உஷாராக இருந்திருப்பேனோ என்னவோ!

மச்சானுக்குப் புரட்டாசி. கறி, மீன் கிடையாது. பீருக்கு மட்டும் பெருமாள் விலக்கு கொடுத்திருக்கிறார் என்று அவனே முடிவு செய்துகொண்டான், அதுவும் சனிக்கிழமை. படம் போட்ட மெனு இருக்கும், காய்கறி ஏதாவது கிடைக்கும் என்று, ஜப்பான் முழுக்கக் கிளைகள் உள்ள ஒரு மலிவான சங்கிலிக் கடையை மேப்பில் பார்த்து நடந்துகொண்டிருந்தோம். வாசலுக்குப் பத்தடி முன்னால் ஒரு பையன். சுத்தமான சட்டை, கையில் மெனு அட்டை, நல்ல ஆங்கிலம்.

"இந்தக் கடைக்கா? இருங்கள், இடம் இருக்கிறதா கேட்கிறேன்" என்று போன் போட்டான். இரண்டு வார்த்தை பேசிவிட்டு உதட்டைப் பிதுக்கினான். ஃபுல், ஒரு மணி நேரம் ஆகும், ஆனால் எங்களுடைய இன்னொரு கிளை பக்கத்திலேயே இருக்கிறது, தலைக்கு 2,980 யென், இரண்டு மணி நேரம் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்றான். அவன் அந்தக் கடை ஆளே இல்லை. அந்தப் போனை எடுத்ததும் அந்தக் கடை இல்லை. பத்தடி நடந்து நாங்களே எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேலே ஒலிபெருக்கி கத்திக்கொண்டிருந்தது. தெருவில் கூப்பிடுகிறவர்கள் பின்னால் போகாதீர்கள், ஏமாந்துவிடுவீர்கள் என்று ஆங்கிலத்திலும் சொன்னார்கள். இப்படி ஆள் பிடிப்பதை அந்த வார்டு நிர்வாகம் தடையே செய்திருக்கிறது. "நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டில் பிக்பாக்கெட் ஜாக்கிரதை சொல்வது மாதிரி இருக்கு மாமா" என்று மச்சான் சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஐந்தாவது மாடி. லிஃப்டில் போக வேண்டும், தெருவிலிருந்து உள்ளே எதுவும் தெரியாது. உட்கார்ந்ததும் கேட்காமலே ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் வந்தது. வேகவைத்த கீரை, மேலே மீன் சீவல். இதற்கு ஒத்தோஷி என்று பெயர். ஜப்பானில் இது வழக்கம்தான், ஏமாற்று இல்லை, சாதாரணக் கடையில் சில நூறு யென்னோடு போய்விடும். இங்கே ஒரு கிண்ணம் 1,500. மச்சான் அதைத் தொடக்கூட இல்லை.

பில்லை அப்படியே போடுகிறேன். குடிப்பதற்கு இரண்டு பேருக்கு 5,960. ஒத்தோஷி 3,000. உட்கார்ந்ததற்கு 4,000. வார இறுதிக்கு 2,000. ஆளுக்கு இரண்டு தட்டு கட்டாயம் என்று வாங்க வைத்த நான்கு தட்டு 5,200, அதில் ஒன்று ஒரு பிடி வேகவைத்த சோயா காய். அதன் மேல் 20 சதவீதம் சேவைக் கட்டணம், அதற்கும் மேல் 10 சதவீதம் வரி. கேட்டால், மெனுவின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஜப்பானிய மொழியில் எழுதியிருப்பதைப் பொறுமையாக விரல் வைத்துக் காட்டினார்கள். இந்த மாதிரிக் கொள்ளைக்கு அங்கே பொத்தக்குரி என்று தனிச் சொல்லே இருக்கிறது. எங்களைப் பிடித்தவர்கள் சில்லறைக் கை. வாடிக்கையாளரோடு பெண்கள் சேர்ந்து உட்காரும் மதுக்கடைகளில் மயக்க மருந்து கலந்து கொடுத்து, கார்டில் லட்சக்கணக்கில் தேய்த்த கதைகள் உண்டு. அமெரிக்கத் தூதரகமே தன் நாட்டுக்காரர்களுக்கு இந்தப் பகுதியைப் பற்றி எச்சரிக்கை விட்டிருக்கிறது.

நான் செய்த பெரிய தப்பு, கார்டைக் கொடுத்துப் பின் நம்பரும் போட்டுவிட்டு, அப்புறம் போலீஸுக்குப் போனது. கோபான் என்கிற சின்னப் போலீஸ் சாவடி பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்தவர் மொழிபெயர்ப்புக் கருவியை வைத்துக்கொண்டு அவ்வளவு மரியாதையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, இது உங்களுக்கும் கடைக்கும் உள்ள பணத் தகராறு, நாங்கள் தலையிட முடியாது என்றார். கொடுக்கும் முன்னாலேயே "வா, கோபானுக்குப் போய்ப் பேசலாம்" என்று கடைக்காரரைக் கூட்டி வந்திருந்தால் பேரம் பேசவாவது ஒரு வழி இருந்திருக்கும். ஊருக்கு வந்து வங்கிக்கும் எழுதிப் பார்த்தேன். நீங்களே பின் போட்டிருக்கிறீர்கள், ஒன்றும் செய்வதற்கில்லை என்று இரண்டு வரியில் பதில்.

இதற்காகக் கபுக்கிச்சோவுக்கே போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். மறுநாள் சாயங்காலம் திரும்பப் போனோம். ஹனசோனோ கோயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, ஒட்டினாற்போல் இருக்கும் கோல்டன் காய் சந்துகளுக்குள் நுழைந்தோம். காய் என்றால் அங்கே தெரு. ஆறேழு பேர் உட்கார்ந்தாலே நிரம்பிவிடும் குட்டிக் குட்டிக் கடைகள். நாங்கள் போன கடையில் உட்காரும் கட்டணத்தைக் கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள், பில்லிலும் அதேதான் வந்தது. யாரும் வந்து கையைப் பிடிக்கவில்லை.

முதல் நாள் கடையின் பெயரை நான் போடவில்லை. போட்டும் பிரயோஜனம் இல்லை. பலகையில் ஒரு பெயர், ரசீதில் வேறு பெயர், நீங்கள் போகும்போது மூன்றாவதாக ஒன்று இருக்கும். அன்றைக்கு ராத்திரி அறைக்குத் திரும்பும் வழியில் ஒரு கன்வீனியன்ஸ் ஸ்டோரில் பிளம் ஊறுகாய் வைத்த அரிசி உருண்டை வாங்கிச் சாப்பிட்டோம். "ஊறுகாய் வந்துருச்சு, தயிர்சாதம்தான் மாமா வரல" என்றான் மச்சான், அப்படியே இன்னொன்றைப் பிரித்துக்கொண்டு.