ஜாவாவில் ஒரே சாயலில் இருபது மெத்தட்: லேம்டாவா, ப்ராக்ஸியா?

வாடிக்கையாளரைத் தேட ஒரு மெத்தட், ஆர்டரைத் தேட ஒன்று, பில்லைத் தேட இன்னொன்று. எல்லாவற்றிலும் பிழையைப் பிடிக்கும் அதே டிரை, அதே கேட்ச், நடந்ததைப் பதியும் அதே லாக். நடுவில் ஒரு வரிதான் வேறு. லாக் வடிவத்தை மாற்ற வேண்டுமென்றால் இருபது இடத்தில் கை வைக்க வேண்டும். இதைத் தீர்க்க வழிகள் பல. மெத்தடுக்கு மெத்தட் மாறுவது எது என்று பார்த்துவிட்டுத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பாராமீட்டர் எண்ணிக்கை மட்டும் மாறினால் ஓவர்லோடிங் (ஒரே பெயரில், வேறு வேறு பாராமீட்டர்களோடு பல மெத்தட்) போதும். சிறிய மெத்தடுகள் எல்லாம் முழு பாராமீட்டர் கொண்ட ஒன்றையே கூப்பிடட்டும். லாஜிக் அதில் மட்டும் இருக்கட்டும்.

டைப் மட்டும் மாறினால் ஜெனரிக்ஸ், அதாவது டைப்பையே பாராமீட்டராக வாங்குவது. 2004-இல் ஜாவா 5-உடன் வந்தது. ஆனால் இன்ட், லாங் போன்ற அடிப்படை டைப்களான பிரிமிட்டிவ்களுக்கு அது உதவாது. ஜாவாவோடு வரும் தொகுப்பான ஜேடிகேயின் அர்ரேஸ் கிளாஸிலேயே சார்ட் மெத்தட் இன்டுக்கு ஒன்று, லாங்குக்கு ஒன்று, டபுளுக்கு ஒன்று என்று தனித்தனியாகத்தான் இருக்கிறது.

உண்மையான போட்டி, நடு வரி மட்டும் மாறும் மேலே சொன்ன நிலைமையில்தான். ஜாவா 8-க்குப் பிறகு என் முதல் தேர்வு லேம்டா, அதாவது பெயரில்லாத சிறு ஃபங்ஷன். டிரை, கேட்ச், லாக் மூன்றையும் ஒரு பிரைவேட் மெத்தடில் வைத்து, நடு வரியைச் சப்ளையராக (எதையும் வாங்காமல் ஒரு மதிப்பைத் தரும் இன்டர்ஃபேஸ்) வாங்கிக்கொள்ளலாம். பலர் இங்கே மூன்று பாராமீட்டருக்கு ஃபங்ஷன் இன்டர்ஃபேஸைத் தேடி, இரண்டு பாராமீட்டர் வாங்கும் பைஃபங்ஷனோடு நின்றுவிடுகிறதே என்று திணறுகிறார்கள். அது தேவையே இல்லை. லேம்டா வெளியே உள்ள பாராமீட்டர்களைத் தானே பிடித்துக்கொள்ளும். மெத்தடுக்கு ஐந்து பாராமீட்டர் இருந்தாலும் உள்ளே போவது பாராமீட்டரே இல்லாத சப்ளையர்தான். அந்த மாறிகளுக்கு மறுபடி மதிப்பு கொடுக்காமல் இருந்தால் சரி. சிக்கல் செக்டு எக்ஸப்ஷனில் (பிடி அல்லது அறிவி என்று கம்பைலர் கட்டாயப்படுத்தும் பிழை). டேட்டாபேஸ் பிழையான எஸ்க்யூஎல் எக்ஸப்ஷன் எறியும் வரியைச் சப்ளையருக்குள் அப்படியே வைத்தால் கம்பைல் ஆகாது. காலபிள் என்ற இன்டர்ஃபேஸ் ஏற்கும், ஆனால் வெறும் எக்ஸப்ஷன் என்றே அறிவிக்கும். எறியும் எக்ஸப்ஷனையும் டைப் பாராமீட்டராக வாங்கும் சின்ன இன்டர்ஃபேஸை நாமே எழுதிக்கொள்வது நல்லது. நாலு வரி வேலை.

டைனமிக் ப்ராக்ஸி (ஓடும்போதே உருவாகி, அசல் ஆப்ஜெக்டுக்குப் போகும் அழைப்பை இடைமறிக்கும் ஆப்ஜெக்ட்) ஜேடிகே 1.3 காலத்திலிருந்தே இருக்கிறது. மெத்தடுக்கு ஒரு வரிகூட எழுத வேண்டாம். எல்லா அழைப்பும் ஒரே இன்வோக் மெத்தடுக்கு வந்துவிடும். அதற்கு இன்டர்ஃபேஸ் கட்டாயம் வேண்டும். உள்ளே, மெத்தடை ஓடும்போதே கண்டறிந்து அழைக்கும் ரிஃப்ளெக்‌ஷனில் கூப்பிடுவதால் எக்ஸப்ஷன் இன்வோகேஷன் டார்கெட் எக்ஸப்ஷனில் பொதிந்து வரும். பிரித்து எறிய மறந்தால், கூப்பிட்டவருக்குத் தன் எக்ஸப்ஷன் கிடைக்காது. ஒரே ஆப்ஜெக்டுக்குள் ஒரு மெத்தட் இன்னொன்றைக் கூப்பிட்டால் ப்ராக்ஸிக்குத் தெரியவே தெரியாது. ஸ்ப்ரிங் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கில் டேட்டாபேஸ் பரிவர்த்தனைக்காக மெத்தட் மேல் இடும் டிரான்ஸாக்‌ஷனல் குறிப்பு பலரைக் குழப்புவதும் இதே காரணத்தால்தான்.

இன்டர்ஃபேஸில் உள்ள அத்தனை மெத்தடுக்கும் விதிவிலக்கில்லாமல் ஒரே வேலை நடக்க வேண்டும் என்றால் மட்டும் ப்ராக்ஸியை எடுங்கள். இன்வோக்கிற்குள் மெத்தட் பெயரை வைத்து இஃப் எழுதத் தொடங்கிவிட்டால், உடனே லேம்டாவுக்குத் திரும்பிவிடுங்கள்.