93 ஃபைல், 95 பெட்ரோல், ஏழு பாட்டில் பூஸ்டர்: நான் ஏமாந்த கதை

கோயம்புத்தூர் பக்கம் பழைய ஸ்போர்ட்ஸ் கார் எடுத்துட்டு ட்யூன் (இன்ஜினோட கம்ப்யூட்டர் புரோகிராமை மாத்தி பவர் ஏத்தறது) போடலாமான்னு யோசிச்சிட்டு இருக்கவங்க இதைக் கொஞ்சம் படிச்சிட்டுப் போங்க. கடை பேரைப் போட மாட்டேன், இன்பாக்ஸ்ல வந்தும் கேக்காதீங்க. அந்த ஆளு ஒருத்தரு மட்டும் இப்படிப் பண்றதில்லைன்னு அப்புறம் விசாரிச்சதுல தெரிஞ்சுது.

என் வண்டி 2012 ஆடி டிடி, 2 லிட்டர் டர்போ, செகண்ட் ஹேண்ட்ல எடுத்தது. ஆடி மாசத்துல போயி ஆடி வாங்கறியாடான்னு அம்மா அப்பவே தலையில அடிச்சுக்கிட்டாங்க, இப்ப நடந்ததுக்கெல்லாம் அதைத்தான் காரணமா சொல்லிட்டு இருக்காங்க. பெட்ரோல் ஊத்தற மூடிக்கு உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருந்துச்சு, ஆர்ஓஎன் 95னு, அதாவது பெட்ரோலோட ஆக்டேன் நம்பர். முதல் ஆறு மாசம் அதை மட்டும் பாத்து பெட்ரோல் போட்டேன், வண்டி ஒரு வார்த்தை முனகல.

அப்புறம் தான் சனி புடிச்சுது. ஆயில் மாத்தப் போன இடத்துல, "தம்பி, இந்த இன்ஜின் 211 ஹெச்பி தானே, ஸ்டேஜ் ஒன் ட்யூன் போட்டா 260 தாண்டும், ஒரு நட்டு போல்ட்டு கூட கழட்ட வேண்டியதில்ல, லேப்டாப்ல சொருகி இருபது நிமிஷம்"னாரு. சுவரு பூரா ஸ்டிக்கரு, வெளிய ரெண்டு பெரிய வண்டி நிக்குது, நமக்கும் ஆசை வராதா. ட்யூன் ஃபைல் லிஸ்ட்டைத் தொறந்து காட்டினாரு, 91, 93ன்னு ரெண்டு இருந்துச்சு. நான் நல்ல பிள்ளையா கேட்டேங்க, "அண்ணா, இந்த 93ங்கறது பெட்ரோல் நம்பரா? நம்ம ஊர்ல போடறது 95 ஆச்சே"ன்னு. "ஆமா, உங்க பெட்ரோல் அதை விட ரெண்டு ஜாஸ்தி, அப்ப இன்ஜினுக்கு இன்னும் சேஃப் தானே"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. கணக்கு சரியாத்தான பட்டுது. 62,000 ரூபாய் ஜிபே பண்ணேன், கடை பேருக்கு இல்ல, அவரு சொந்த நம்பருக்கு. பில்லுன்னு ஒண்ணும் வரல, நானும் கேக்கல. இது முழுக்க என் தப்பு தான்.

முதல் ரெண்டு வாரம் வண்டி பறந்துச்சு, அதையும் சொல்லிடணும், அவினாசி ரோட்டுல காலை வச்சா முதுகு சீட்டோட ஒட்டிக்கும். மே மாசம் வால்பாறை போனோம். ஆழியார் தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு இருக்கில்ல, அதுல ஒன்பதாவதோ பத்தாவதோ, மூணாவது கியர்ல ஏத்தத்துல மிதிக்கறேன், கண்ணாடி இறக்கி இருந்ததால பக்கத்துப் பாறைச் சுவருல பட்டு சத்தம் திரும்பி வருது, தகர டப்பாவுல புளியங்கொட்டையைப் போட்டு குலுக்கின மாதிரி, கிணிகிணிகிணின்னு. காலை எடுத்தா நின்னுடுது, மிதிச்சா மறுபடி. கொஞ்ச நேரத்துல இன்ஜின் லைட்டும் எரிஞ்சு பவரும் செத்துப் போச்சு. பின்னாடி வந்த அரசு பஸ்ஸு ஹார்ன் அடிச்சு என்னை ஓவர்டேக் பண்ணிட்டுப் போச்சு, அந்த அவமானத்தை விடுங்க.

கடைக்குப் போன் போட்டா ஒரே வார்த்தை, "பங்க்ல கலப்படம்". நானும் நம்பி நேரா வழக்கமா போடற பங்க்குக்குப் போயி சத்தம் போட்டேன். அங்க இருந்த மேனேஜர் அக்கா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. ஃபில்டர் பேப்பர் எடுத்து ஒரு சொட்டு விட்டு ஆற வச்சு காமிச்சாங்க, கறையே இல்ல. ஜாடியில புடிச்சு டென்சிட்டி பாத்து ரிஜிஸ்டரோட ஒப்பிட்டுக் காட்டினாங்க, சரியா இருந்துச்சு. இதெல்லாம் எந்த பங்க்லயும் நாம கேட்டா செஞ்சு காட்டணும், முத்திரை போட்ட 5 லிட்டர் கேன்ல அளவையும் சரிபாத்துக்கலாம், காசு கேக்கக் கூடாது. ஆனா ஒண்ணு, இதுல எதுவும் ஆக்டேனைச் சொல்லாது, அதுக்கு லேப்ல தனியா ஒரு டெஸ்ட் இன்ஜின் வச்சு ஓட்டிப் பாக்கணும். அந்த அக்காகிட்ட மறுவாரம் போயி மன்னிப்பு கேட்டுட்டு வந்தேன்.

கலப்படம் இல்லைன்னு ஆனதும் கடைக்காரர் அடுத்த அஸ்திரத்தை எடுத்தாரு. ஆக்டேன் பூஸ்டர், பெட்ரோல்ல கலந்து ஆக்டேனை ஏத்தறதுக்குன்னு விக்கற மருந்து. "ஃபுல் டேங்குக்கு ஒரு பாட்டில் ஊத்துங்க, 5 பாயிண்ட் ஏறும், 95 அப்படியே 100 ஆயிடும்." பாட்டில் 1,250 ரூபா. ஏழு பாட்டில் ஊத்தி இருக்கேன். சத்தம் குறைஞ்ச மாதிரி ஒரு பிரமை. மூணாவது மாசம் சிக்னல்ல நிக்கறப்ப வண்டி உதற ஆரம்பிச்சுது, காலையில ஸ்டார்ட் பண்ணா காய்ச்சல்காரன் மாதிரி நடுக்கம். அதுக்கு, "ப்ளக்குக்கு கரண்ட் குடுக்கற காயில் நாலும் போச்சு, மாத்தணும், 26,000". அதையும் மாத்தினேன். பத்து நாள் கழிச்சு மறுபடி அதே நடுக்கம்.

கடைசியா ஃப்ரெண்டு ஒருத்தன் செட்டிப்பாளையம் ட்ராக்குக்கு ரேஸ் வண்டி தயார் பண்ற ஒரு வயசான மெக்கானிக்கிட்ட கூட்டிட்டுப் போனான். போர்டு கூட இல்லாத ஷெட்டு. அவரு வேற எதையும் தொடல, நாலு ப்ளக்கையும் கழட்டி ஒரு பழைய தினசரி மேல வரிசையா வச்சாரு. வெள்ளையா இருக்க வேண்டிய பீங்கான் செங்கல் பொடி பூசின மாதிரி சிவந்து கிடக்குது. "என்ன கண்ணு ஊத்துன?"ன்னாரு. பாட்டிலைக் காட்டினேன். விலை கம்மியான பூஸ்டர் நிறையதுல இரும்போ மாங்கனீஸோ சேந்த மருந்து தான் இருக்குமாம், எரிஞ்சதும் அது ப்ளக் மேல படிஞ்சிடும், அந்தப் படிவம் வழியா கரண்ட் கசிஞ்சு ஸ்பார்க் சரியா அடிக்காது. அப்ப அந்த 26,000 ரூபா காயில் எதுக்குன்னு நீங்களே சொல்லுங்க.

பாட்டில் லேபிளையும் கண்ணாடி போட்டுப் படிச்சாரு. 5 பாயிண்ட்னா 5 ஆக்டேன் இல்லீங்க! இந்த பூஸ்டர் கம்பெனிக்காரங்க பாஷையில 10 பாயிண்ட் சேந்தா தான் ஒரு ஆக்டேன். நான் 1,250 குடுத்து 95ஐ 95.5 ஆக்கிட்டு இருந்திருக்கேன்.

அப்புறம் தான் முக்கியமான விஷயம். "ட்யூன் ஃபைல் எந்த ஊருது?"ன்னு கேட்டாரு. எனக்கு என்ன தெரியும். லிஸ்ட்ல 91, 93ன்னு இருந்துச்சுன்னதும் சிரிச்சுட்டாரு. அது அமெரிக்க நம்பராம். அங்க பங்க்ல எழுதறது ஆர்ஓஎன் இல்ல. ஆக்டேனை ரெண்டு விதமா அளப்பாங்க, ஆர்ஓஎன் ஒண்ணு, இன்னும் கடுமையான சூட்டுல அளக்கற எம்ஓஎன் ஒண்ணு, அமெரிக்காவுல ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்துப் போடறாங்க. நம்ம ஊர்ல வெறும் ஆர்ஓஎன். அதனால அவங்க 91ன்னா நம்ம கணக்குல 95, 96, அவங்க 93ன்னா நம்ம 98 கிட்ட வந்துடும். ரெண்டு ஜாஸ்தின்னு சொன்னாரே, நெசத்துல மூணு கம்மி. 98க்கு எழுதின மேப்பு, அதாவது ட்யூன் ஃபைல், அதுல பூஸ்ட்டும் (டர்போ தள்ளற காத்தோட அழுத்தம்) ஏத்தி ஸ்பார்க்கையும் முன்னாடி தள்ளி வச்சிருக்கான், நான் 95 ஊத்தி மே மாச வெயில்ல மலை ஏத்தறேன். ஸ்பார்க்ல புடிச்ச நெருப்பு வந்து சேர்றதுக்குள்ள மூலையில மிச்சம் இருக்கற கலவை சூட்டுலயும் அழுத்தத்துலயும் தானா வெடிக்குது, அது தான் அந்தப் புளியங்கொட்டை சத்தம். ஆக்டேன்ங்கறது அப்படித் தானா வெடிக்காம தாக்குப் புடிக்கற சக்தி, அவ்வளவு தான், பெட்ரோல்ல இருக்கற பலம் கிடையாது.

ஓபிடில (வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கற சாக்கெட்) சொருகி ஓட்டிப் பாத்தோம். முழுசா மிதிச்சா மூணாவது சிலிண்டர்ல ஸ்பார்க் டைமிங்கை 9 டிகிரி வரைக்கும் பின்னாடி இழுக்குது. அந்த வெடிப்பைக் கண்டுபிடிக்கற நாக் சென்சார் தான் இத்தனை நாளா பிஸ்டனைக் காப்பாத்தி இருக்கு. அப்ப 260 ஹெச்பின்னு காசு குடுத்தது எங்க போச்சு? வெயில் நாள்ல பழைய பவர் கூட வந்திருக்காதுன்னாரு. ப்ளக் ஓட்டை வழியா கேமரா விட்டுப் பாத்ததுல பிஸ்டன் தப்பிச்சுது, அம்மா மருதமலைக்கு வேண்டிக்கிட்டாங்களாம்.

பழைய ஃபைலைத் திரும்பப் போடச் சொல்லி கடைக்குப் போனா, எடுத்தே வைக்கலையாம்! ட்யூன் போடறதுக்கு முன்னாடி ஒரிஜினலை காப்பி எடுத்து பென்டிரைவ்ல நம்ம கையில குடுக்கணும், இது எனக்கு அப்புறம் தான் தெரிஞ்சுது. வேற இடத்துல ஸ்டாக் மேப் (கம்பெனியோட ஒரிஜினல் ஃபைல்) போட 15,000 ஆச்சு. காசைத் திருப்பிக் கேட்டதுக்கு, "நீங்க சாதா பெட்ரோல் போட்டதுக்கு நான் என்னங்க பண்றது"ங்கறாரு. எந்த பெட்ரோலுக்கு எழுதின மேப்பு, ஆர்ஓஎன் எவ்வளவுன்னு எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தா நுகர்வோர் கோர்ட்டுக்காவது போயிருக்கலாம். என்கிட்ட ஜிபே ஸ்க்ரீன்ஷாட் மட்டும் தான் இருக்கு.

இப்ப என்ன பெட்ரோல் போடறேன்னு கேப்பீங்க. ஈ20, அதாவது 20 பர்சன்ட் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததுக்கு அப்புறம் சாதா பெட்ரோலே 95 ஆயிடுச்சு, எத்தனாலுக்கு ஆக்டேன் ஜாஸ்திங்கறதால. நம்பர்ல குறை இல்ல, ஆனா 2012 வண்டியோட ரப்பரு, பம்ப்பு எல்லாம் 20 பர்சன்ட் எத்தனாலுக்குன்னு செஞ்சது கிடையாது. அதனால இந்தியன் ஆயில் எக்ஸ்பி100 போடறேன், அதுல எத்தனால் கலக்கறதில்ல, லிட்டர் 160 ரூபாய்க்கு மேல. பவருக்காக இல்ல, ஸ்டாக் மேப்புக்கு 95 போதும், அதுக்கு மேல ஊத்தறதால பெருசா ஒண்ணும் ஏறிடாது. தினமும் ஓட்டற வண்டியா இருந்தா எனக்கு இது கட்டுபடி ஆகாது, ஞாயித்துக்கிழமை வண்டிங்கறதால சமாளிக்கறேன்.

இன்னைக்கு காலையில அந்தக் கடையில இருந்து வாட்ஸ்அப் வந்திருக்கு. தீபாவளி ஆஃபராம். ஸ்டேஜ் ஒன் 15 பர்சன்ட் தள்ளுபடி, ரெண்டு பாட்டில் பூஸ்டர் ஃப்ரீ.