பிரிக்பீல்ட்ஸ்ல பேஸ்பால் ஓடுற தோசைக் கடை: எட்டரைக்கு முன்னாடி போயிருங்க

கடை பேரு போடல, ஏன்னா கொஞ்சம் குறை சொல்லப் போறேன், கடைக்கார அண்ணன் நல்ல மனுசன் வேற. கோலாலம்பூர் கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷன்ல எறங்கி துன் சம்பந்தன் ரோட்டைத் தாண்டி பின்னாடி சந்துக்குள்ள நடந்தா டிவியில பேஸ்பால் ஓடுற பசியாற கடை எனக்குத் தெரிஞ்சு இது ஒன்னுதான், ஈஸியா கண்டுபிடிச்சிரலாம்.

நெய் தோசைக்காகவே போகலாம். ஓரமெல்லாம் முறுமுறுன்னு, நடுவுல மெத்துன்னு, மேல மீன் கறி ஊத்தித் தருவாங்க. சாம்பார் சுமார். தே தாரிக் இனிப்பு ஜாஸ்தி, கூராங் மானிஸ்னு (இனிப்பு கம்மியா) முன்கூட்டியே சொல்லிருங்க.

சரி, குறைக்கு வரேன். எட்டரை மணி ஆச்சுன்னா, கூட்டம் நெரியுற நேரத்துல, கல்லுல நிக்குற மாஸ்டரை எறக்கிட்டு ஒரு சின்னப் பையனை ஏத்துறாரு அண்ணன். பையன் ஊத்துற தோசை ஒரு பக்கம் கருகும், ஒரு பக்கம் வெள்ளையா நிக்கும். ஏன் அண்ணே இப்படின்னு கேட்டா, "கை ஓஞ்சப்பறம் மாத்துனா லேட்டு தம்பி, பேஸ்பால்ல பாக்குறியே"ங்குறாரு. அவரு மச்சான் டொரோண்டோவுல இருக்காரு, அதனால இவரு அந்த ஊரு பேஸ்பால் டீம் ப்ளூ ஜேஸ் கட்சி, அக்டோபர்ல அங்க ராத்திரி எட்டு மணி மேட்ச் நமக்கு காலையில எட்டு மணிக்கு ஓடும், சாமி பாட்டு ஒரு பக்கம், சத்தமில்லாத டிவி ஒரு பக்கம்.

பேஸ்பால் தெரியாதவங்களுக்கு: பந்து போடுற பிட்சரை மேனேஜர் ஒரு தடவ வெளிய எடுத்துட்டா அந்த மேட்ச்ல அவரு திரும்ப வர முடியாது. அப்ப நல்லா போட்டுட்டிருக்கறவரை ஏன் எடுக்குறாங்கன்னா, ஒரே பிட்சரை மூணாவது தடவ பாக்கும்போது பேட்ஸ்மேனுக்கு பந்து பழகிரும், அடி விழும்னு கணக்கு. 2020 வேர்ல்ட் சீரிஸ் (ஏழு மேட்ச் வரைக்கும் போற ஃபைனல்) ஆறாவது மேட்ச்ல டாம்பா பே டீம் மேனேஜர் கெவின் கேஷ் இதைத்தான் செஞ்சாரு, 1-0 லீடிங்ல, ரெண்டே ஹிட் குடுத்து ஒன்பது பேரை ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்க விடாமலே அவுட்) பண்ணியிருந்த பிளேக் ஸ்னெல்லை 73 பந்துலயே எடுத்துட்டாரு, அடுத்து அடிக்க வரப் போற டாட்ஜர்ஸ் டீம் மூக்கி பெட்ஸ் ஸ்னெல்கிட்ட ரெண்டு தடவையும் ஸ்ட்ரைக் அவுட் ஆனவரு. வந்த நிக் ஆண்டர்சன் அதுக்கு முந்தின மேட்சுகள்லயே அடி வாங்கிட்டிருந்தவரு, பெட்ஸ் டபுள் (ரெண்டாவது பேஸ் வரைக்கும் ஓடுற அடி) அடிச்சாரு, டாட்ஜர்ஸ் 3-1ல ஜெயிச்சு கப்பையும் தூக்கிட்டாங்க. கணக்கு பாத்து எடுத்தத நான் முழுசா தப்புன்னு சொல்லமாட்டேன், ஆண்டர்சனை ஏத்துனதுதான் எனக்கு இன்னும் ஆறல.

2023ல அண்ணனோட டீமுக்கே இது நடந்துச்சு. மின்னசோட்டாவோட மேட்ச், ப்ளூ ஜேஸ் பிட்சர் பெரியோஸ் அருமையா போட்டுட்டிருந்தாரு, 47 பந்துல மேனேஜர் ஜான் ஷ்னைடர் அவரை எடுத்துட்டு கிக்குச்சியை எறக்குனாரு, 2-0ல தோல்வி, ஊரே ஷ்னைடரை திட்டுச்சு. ஆனா ஒரு ரன் கூட அடிக்காத டீம் எந்த பிட்சரை வச்சு ஜெயிக்கும்? அண்ணன்கிட்ட இத சொல்லிப் பாருங்க, பில்லை தூக்கி மேசையில வச்சிருவாரு.

இப்ப முக்கியமான விசயம். 2025 வேர்ல்ட் சீரிஸ் ஏழாவது மேட்ச், ப்ளூ ஜேஸும் டாட்ஜர்ஸும், நமக்கு நவம்பர் 2 ஞாயித்துக்கெழம காலையில. முந்தின மேட்ச்ல 96 பந்து போட்ட யமாமோட்டோவை டாட்ஜர்ஸ் மேனேஜர் டேவ் ராபர்ட்ஸ் மறுநாளே, வழக்கமா கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ்ல எறக்குறாரு, எறங்குனது யாருக்கு பதிலுன்னு பாத்தா அதே ஸ்னெல், இப்ப டாட்ஜர்ஸ்ல! யமாமோட்டோ 11வது இன்னிங்ஸ் வரைக்கும் நின்னு 5-4ல முடிச்சாரு, பசியாற வந்தவங்க பாதி பேரு மத்தியானச் சோறும் தின்னுட்டுதான் எந்திரிச்சாங்க. அண்ணன் டிவியை விட்டு நகரல, மாஸ்டரை மாத்தவே மறந்துட்டாரு, மனுசன் காலையில இருந்து அவரேதான் கல்லுல. கடைசியா நான் வாங்குன தோசையும் மொத தோசை மாதிரியேதான் இருந்துச்சு, ஓரம் முறுமுறு, கருகல் இல்ல.

அதனாலதான் அண்ணனுக்கு இந்தக் கணக்கு ஒத்து வராதுங்குறேன். அங்க பிட்சர் பழகிட்டா அடி விழும், இங்க சாப்புடுறவங்களுக்கு மாஸ்டர் கை பழகிட்டாதானே திரும்ப வருவாங்க? பையனை பத்து மணிக்கு மேல, கூட்டம் கொறஞ்சப்பறம் ஏத்தி பழக்கி விடுங்க அண்ணே, யாரும் வேணாங்கல.

அஞ்சுக்கு நாலு குடுக்குறேன், எட்டரைக்கு மேல போனா மூணு. ஞாயித்துக்கெழம பார்க்கிங் தேடி சுத்தாதீங்க, டிரெயின்ல வந்துருங்க. டிவிக்கு நேரா இருக்குற மேசை அண்ணனோட கூட்டாளிங்களுக்கு, உக்காந்தா நைசா எழுப்பி விட்டுருவாங்க.